ரசாயனப் பேராசிரியரின் ஹிட் பாட்டு

ரஷ்ய ஓபராவில் அடிமைப் பெண்கள் பாடிய மெட்டு அமெரிக்கக் காதல் பாட்டான கதை

1953 டிசம்பர். வேலைநிறுத்தத்தால் நியூயார்க் பத்திரிகைகள் முடங்கிக் கிடந்த நேரத்தில் பிராட்வேயில் அரங்கேறியது 'கிஸ்மெட்' இசை நாடகம். பாராட்டி எழுதப் பத்திரிகை இல்லை. கைகொடுத்தது ஒரு பாட்டு: 'ஸ்ட்ரேஞ்சர் இன் பாரடைஸ்'. டோனி பென்னெட் உள்ளிட்ட பலர் பாடிய இசைத்தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. நாடகம் 583 காட்சிகள் ஓடியது. 1955-ல் பென்னெட்டின் பாட்டு பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது.

மெட்டுக்குச் சொந்தக்காரர் அலெக்சாண்டர் போரோடின். 1887-லேயே இறந்துவிட்டவர். தொழில் இசையல்ல, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அகாடமியில் ரசாயனப் பேராசிரியர். ஆல்டிஹைடு ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். வகுப்பும் ஆய்வுக்கூடமும் போக மிஞ்சிய நேரமே இசைக்கு. 1869-ல் தொடங்கிய 'பிரின்ஸ் இகோர்' ஓபரா, 18 ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோதும் முடியவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் நிறைவு செய்ய, 1890-ல் மேடையேறியது.

ஓபராவில் அது காதல் மெட்டே அல்ல. போரில் பிடிபட்ட இளவரசன் இகோரை மகிழ்விக்க, போலோவ்த்சியர் தலைவன் கொன்சாக் தன் அடிமைப் பெண்களை ஆட வைக்கிறான். அவர்களோ பிரிந்து வந்த தாய்மண்ணை நினைத்துப் பாடுகிறார்கள். ராபர்ட் ரைட்டும் ஜார்ஜ் ஃபாரஸ்ட்டும் ஏக்கத்தை விட்டுவைத்து, ஏங்குபவர்களை மாற்றினார்கள். பாக்தாத் தோட்டத்தில் காதலர் இருவர் பாடும் பாட்டாயிற்று அது.

இரவல் மெட்டு எப்போதும் இப்படிச் சுமுகமாக முடிந்ததில்லை. 1920-ல் அல் ஜோல்சன் பாடிப் புகழ்பெற்ற 'அவலான்', புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவிலிருந்து எடுத்தது என்று இத்தாலியப் பதிப்பகமான ரிகார்டி வழக்குப் போட்டது. 25,000 டாலர் இழப்பீடும் பாட்டின் பிற்கால வருமானமும் புச்சினி தரப்புக்குப் போயின.

'கிஸ்மெட்' எதையும் மறைக்கவில்லை. போரோடின் பெயரைச் சொல்லியே மேடையேறியது. விளைவு, 1954-ல் சிறந்த இசையமைப்பாளருக்கான டோனி விருது, இறந்து 67 ஆண்டுகளான அந்தப் பேராசிரியருக்கு.

பெயர் அவருக்குக் கிடைத்துவிட்டது. காதல் பாட்டை முணுமுணுத்தவர்களில் எத்தனை பேருக்கு ஊர் திரும்ப முடியாத அந்தப் பெண்களைத் தெரியும்?