அறுகம்பைக்குப் போகிறவர்களே, கல்முனையில் இறங்குங்கள்

பாசிக்குடாவில் குளித்துவிட்டு அறுகம்பைக்கு அலைச்சறுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தினமும் எத்தனையோ வான்கள் கல்முனையைக் கடக்கின்றன. நிற்பதில்லை. நின்றாலும் ஒரு தேத்தண்ணிக்கும் கொத்து ரொட்டிக்கும்தான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஓர் ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாமல் கடைகளாகவே ஓடும் வீதி. அதைப் பார்த்துவிட்டு, "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். வீதியில் ஒன்றும் இல்லைதான். கிழக்கே நடந்து போகிற தூரத்தில் கடல் இருக்கிறது. மேற்கே வயலும் ஆறும் களப்பும் இருக்கின்றன. விசயமெல்லாம் அங்கேதான்.

மேற்கிலிருந்து தொடங்கலாம். சேனைக்குடியிருப்பு வழியாகப் போனால் கிட்டங்கித் தாம்போதி. 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் தென்கோடி இந்தப் பக்கம்தான். மாரி பெருத்தால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அக்கரை நாவிதன்வெளிக்காரர் அன்றைக்கு மறுபடி தோணிக்கு வந்துவிடுவார்கள். பாலங்கள் வருவதற்கு முன்னால் வருசம் முழுவதும் அப்படித்தான். நெல்லும் ஆட்களும் களப்பு வழியேதான் போய் வந்தார்கள். சம்பான்கள் வந்து கட்டிய துறை என்று சம்மாந்துறைக்காரர் தங்கள் ஊரைப் பெருமையாகச் சொல்வார்கள். இன்று அந்த ஊரின் நடுவில் நின்றால் உப்புக் காற்று வராது, நெல் ஆலையின் உமி வாசம்தான் வரும். ஆனாலும் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மாட்டுப் பொதியில் ஏற்றி, தவளம் தவளமாகக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுபோய், பாக்கோடு திரும்பிய வியாபாரத்துக்கு இந்தப் பக்கத்து ஊர்கள்தான் வாசல்.

போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். வந்தவர்கள் ஏற்கெனவே இங்கிருந்தவர்களோடு கலந்தார்கள். தாய்வழியில் வரும் குடிமுறை இன்றைக்கும் இருக்கிறது. கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். கப்பலிலும் தவளத்திலும் போகிறவன் எப்போது திரும்புவானோ என்றுதான் வீட்டை அவள் பெயரில் எழுதினார்களோ என்னவோ. இது என் ஊகம். ஆராய்ச்சிக்காரர் சண்டைக்கு வரவேண்டாம்.

இனிக் கிழக்கே. கல்முனைக்குடியில் ஒழுங்கைகளைத் தாண்டிப் போனால், மணலும் வீடும் சந்திக்கும் இடத்தில் கடற்கரைப்பள்ளி. நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்த இடம். அவர் அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது நினைவு ஜியாரம் மட்டுமே. ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை கண்டதும் மினாராவில் கொடி ஏறும். 12 நாட்கள் மௌலிது ஓதி, கடைசியில் கந்தூரிச் சோறு கொடுத்துக் கொடி இறக்குவார்கள். அந்த நாட்களில் கடற்கரை முழுக்கக் கடைகள். வளையல், பலூன், அலுவா, தொதல். பிள்ளைகளின் கையை விட்டுவிட்டுத் தேடும் உம்மாமாரின் சத்தம் ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்கும். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லும் மௌலவிமாரும் இதே ஊரில் உண்டு. வாதம் நடந்துகொண்டிருக்க, கொடியும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நாகூர் ஆண்டகை 16ஆம் நூற்றாண்டுக்காரர். கடலோடிகளின் காவலர் என்று பெயர் எடுத்தவர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் காத்த கதையைச் சோழமண்டலக் கரையில் சொல்லாத வீடில்லை. அவர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்ததைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் போய் இறங்கிய துறைகளில் எல்லாம் அவருக்கு ஒரு நினைவிடம் எழுந்தது. பினாங்கில் ஒன்று. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் வீதியில் 1828–1830இல் கட்டியது இன்னொன்று. சிங்கப்பூரில் கடலை மண்போட்டு மூடியதால் அந்த நாகூர் தர்கா இன்று வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. கல்முனையில் அப்படியில்லை. வாசலிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் கால் நனையும் என்ற மாதிரி இன்னும் கடலைப் பார்த்தபடியே இருக்கிறது. கோட்டை கொத்தளம் எதுவும் இல்லாத இந்தக் கரைக்கு, கடல் வரலாற்றின் சாட்சி என்று சொல்ல இந்தக் கொடி ஒன்றே போதும்.

2004 டிசம்பர் 26 காலையில் இதே கடல்தான் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள்; இலங்கையிலேயே அதிக உயிரிழப்பு இங்கேதான். கரையோரத்தில் வெறும் வளவுகளைக் கண்டால் காரணம் கேட்கவேண்டாம்.

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அதிகாலையில் வந்தால் கரைவலை பார்க்கலாம். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் கொடுத்துவிட்டுத் தோணி வளைந்து போய் வலையைப் போட்டு, மற்றத் தலைப்போடு திரும்பும். பிறகு இரண்டு வரிசை ஆட்கள், குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்பக்கமாகவே நடந்து இழுப்பார்கள். மடி கரைதட்டும்போது காகங்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஒரே அவசரம். கீரியும் நெத்தலியும் வந்தால் அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீனாணம்.

தெற்கே போகிற வழியில் ஒலுவில். 1999இல் கட்டிய வெளிச்சவீடும் 2013இல் திறந்த துறைமுகமும் அங்கே. அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு அது. அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதும், கரையோடு நகர்ந்துகொண்டிருந்த மணல் வாயிலில் வந்து அடைத்தது. மணல் போய்ச் சேராத வடக்குக் கரையில் தென்னந்தோப்புகளைக் கடல் கொண்டுபோனது. கப்பல் பார்க்கப் போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். கரையின் கணக்கை மனிதன் மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்று பார்க்கப் போகலாம்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். ஊரின் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் சாய்ந்தமருதுத் தோணா பல காலமாகக் குப்பைக் கிடங்காகக் கிடந்து நாறுகிறது. அள்ளுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், மறுபடி நிறைகிறது. கொட்டுகிறவர்கள் வெளியூரார் இல்லை, நாங்கள்தான். மாநகரசபை நாளாந்தம் குப்பை எடுப்பதை ஒழுங்காக்க வேண்டும். தோணா ஓரத்து வீடுகள் பையை வீசுவதை நிறுத்தவேண்டும். அதைச் செய்யாமல் உல்லாசப் பயணிகள் வரவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசிப் பயனில்லை.

வருகிறவர்களுக்கு: மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பள்ளிக்குள் போகிறவர்கள் உடுப்பில் கவனமாக இருங்கள், பெண்கள் தலைக்கு ஒரு துணி கொண்டு வாருங்கள். வரும் வழியில் மருதமுனையில் இறங்கி ஒரு கைத்தறிச் சாரன் வாங்கிக்கொள்ளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.