காலுக்கேற்ற ரப்பர் பூட்ஸ்

விடியற்காலையில், பெரட்டுக்குப் போகும் நேரத்தில், நம் டெங்கில் வட்டாரத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம். வாசல் சுவரோரம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் சும்மா நின்றுகொண்டிருக்கும். அதன் சொந்தக்காரரோ, தேய்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். "பூட்ஸ் இருக்கிறதே, ஏன் போடவில்லை?" என்று கேட்டால், "காலைக் கடிக்குது வாத்தியாரே, உள்ளே வேகுது" என்பார்.

அவர் சொல்வது பொய் அல்ல. அளவு தவறிய பூட்ஸ் கடிக்கத்தான் செய்யும். காற்றுப் புகாத பூட்ஸ் வேகத்தான் செய்யும். ஆனால் அதற்காகப் பூட்ஸையே விட்டுவிடுவது சரியாகுமா? வேலைக்கு நல்ல பூட்ஸ் எது என்றால், விலை உயர்ந்தது அல்ல. காலையில் போட்டால் வேலை முடியும்வரை கழற்றத் தோன்றாததுதான் நல்ல பூட்ஸ். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்த ஒரு பையன் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அவன் தாயார் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். இனிப்புநீர் வியாதியும் உண்டு. வீட்டில் இருந்தது கணவரின் பழைய பூட்ஸ். அது இரண்டு எண் பெரியது. நடந்தால் குதிகால் கழன்று வரும். ஆகவே அதைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்போடு வேலை செய்திருக்கிறார். செம்பனை மட்டையின் முள் காலில் ஏறியிருக்கிறது. இனிப்புநீரால் பாதம் மரத்துப் போயிருந்ததால் வலியே தெரியவில்லை. காலணியில் இரத்தமும் சீழும் கண்ட பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்தப் பையன் வீட்டில் இருந்தான். அன்று முதல், பூட்ஸ் என்பது சின்னச் சங்கதி என்று நாம் நினைப்பதில்லை.

தோட்டத்து மண்ணில் முள் மட்டுமா இருக்கிறது? கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்வோம். மலம் கலந்த ஈரமண்ணில் அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும். வெறுங்கால் பட்டவுடன் தோலைத் துளைத்து உள்ளே போய், முடிவில் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். உடம்பு வெளுத்து, மூச்சு வாங்கி, சோர்ந்து போகும். அக்காலத் துரைமார்கள் பலர் இதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணினார்கள். அது சோம்பல் அல்ல, இரத்தசோகை. இலங்கையில் மாத்தளை வட்டாரத்துத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களிடையே 1916இல் இந்தப் புழுவை ஒழிக்கும் பெரிய இயக்கமே தொடங்கப்பட்டது. மருந்து, கழிப்பிடம், காலணி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒழியும். மருந்து மட்டும் கொடுத்தால், வெறுங்கால் வழியாகப் புழு திரும்பவும் வந்துவிடும்.

அடுத்தது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உடம்புக்குள் புகும். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. 2021 டிசம்பரில் டெங்கில் பக்கம் பெருவெள்ளம் வந்ததே, அதுபோன்ற வெள்ளம் வடிந்தபின் வீடு கழுவும்போதும் இதே ஆபத்து உண்டு. இனிப்புநீர் உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும் வேறொரு மண்கிருமியும் நம் நாட்டு ஈரமண்ணில் இருக்கிறது. அதுவும் தோலில் உள்ள புண் வழியாக நுழையக்கூடியது.

புல்லில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய உண்ணிக் குஞ்சு கடிப்பதால் வரும் காய்ச்சல் இன்னொன்று. 1920களில் சிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடையே கண்ட காய்ச்சலைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர் பிளெட்சரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள்.

பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெடா, பெர்லிஸ், பினாங்கு போன்ற வடக்கு மாநிலங்களின் ரப்பர்க் காடுகளில் ஒரு விரியன் உண்டு. மலாய்க்காரர்கள் அதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். 'போடோ' என்றால் மடையன். ஆள் வந்தாலும் அது நகராது; சருகோடு சருகாகக் கிடக்கும். மிதித்தால் கடிக்கும். பாதத்திலும் கணுக்காலிலும்தான் அதன் கடி பெரும்பாலும் விழுகிறது. நம் சிலாங்கூரிலோ எலியைத் தேடிச் செம்பனைக்குள் நாகம் வருகிறது. உயரமான பூட்ஸ் எல்லாக் கடியையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பல கடிகளைத் தடுக்கும். கடித்துவிட்டால் கீறவோ கட்டவோ வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

சரி, பூட்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் அளவு. காலையில் இருக்கும் பாதம் மாலையில் இருக்காது. நின்று நடந்து உழைத்தபின் அது சற்று வீங்கும். ஆகவே பூட்ஸை மாலை நேரத்தில் வாங்குவது நல்லது. வேலைக்குப் போடும் அதே காலுறையைப் போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும். இரண்டு காலிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரியது. நிமிர்ந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். நடக்கும்போது குதிகால் சிறிது தூக்கலாம். கழன்று வரக் கூடாது. பிறகு குந்தி எழுந்து பாருங்கள். மேல்விளிம்பு கெண்டைக்காலை அறுத்தால் அது உங்களுக்கு ஏற்றதல்ல.

பூட்ஸின் அடியில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சிலவற்றில் 6, 7, 8 என்றிருக்கும். சிலவற்றில் 39, 40, 41 என்றிருக்கும். ஒரே எண்ணாக இருந்தாலும் ஒரு கம்பெனியின் பூட்ஸ் போல மற்றதன் பூட்ஸ் இருக்காது. கடைக்கு நீங்கள் போக முடியாமல் வேறொருவர் வாங்கி வருவதானால், ஓர் அட்டைமேல் காலுறையோடு நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள். அந்த அட்டையை வெட்டிக் கொடுத்தனுப்பினால், அது மடங்காமல் பூட்ஸுக்குள் படுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பெண்களுக்கு இது மிகவும் பயன்படும். ஆண்களுக்கென்று செய்த பூட்ஸில் சிறிய எண்ணை எடுத்தாலும் அகலம் கூடுதலாக இருக்கும். அப்படியானால் உள்ளே ஓர் அடியட்டை போட்டுக்கொள்ளலாம்.

பெரும்பனி பெய்யும் நாடுகளில் வேட்டைக்குப் போகிறவர்களும் இப்படித்தான் பூட்ஸ் பார்க்கிறார்கள். கதகதப்பு வேண்டும் என்று தடித்த காலுறைகள் இரண்டைத் திணித்து இறுக்கிப் போட்டால், இரத்த ஓட்டம் நெருக்குண்டு கால் மேலும் குளிர்ந்துபோகும். வியர்வையில் காலுறை நனைந்தாலும் அப்படியே. 1914இல் தொடங்கிய முதல் உலகப்போரில், நீர் நிறைந்த பதுங்கு குழிகளில் நாட்கணக்கில் நின்ற போர்வீரர்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பாதம் அழுகியது. உலர்ந்த காலுறையை மாற்றும்படி கட்டளை போட்டுத்தான் அதைக் குறைத்தார்கள். குளிர் நாடாயினும் வெப்ப நாடாயினும் பாதத்துக்கு வேண்டியது ஒன்றே: இறுக்கமும் கூடாது, ஈரமும் கூடாது. நம் ஊரில் வெளியிலிருந்து வரும் பனியும் மழையும் பாதி. உள்ளே ஊறும் வியர்வை பாதி.

இரண்டாவது, செய்யும் வேலை. எல்லா வேலைக்கும் ஒரே பூட்ஸ் பொருந்தாது. குலை வெட்டுகிறவருக்கு விரல்மேல் இரும்புக் கவசம் உள்ள பூட்ஸ் வேண்டும். விழும் குலை பல கிலோ எடையுள்ளது. அதோடு மட்டையும் விழும். உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்கு முள் துளைக்காத தடித்த அடிப்பாகம் முக்கியம். சேற்று நிலத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வேலை என்றால் முழங்கால் அருகே வரும் உயரம் வேண்டும். சரிவில் நடப்பவர், அடிப்பாகத்தில் ஆழமான பற்களும் தனியான குதியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

களைக்கொல்லி மருந்து அடிப்பவருக்குத் தோல் பூட்ஸ் கூடவே கூடாது. தோல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூட்ஸ்தான் போட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். மருந்து அடிக்கும்போது காற்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் வழியும் மருந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கிவிடும். புல்வெளியில் மற்ற வேலை செய்யும்போதோ காற்சட்டையைப் பூட்ஸுக்குள் சொருக வேண்டும். அப்போதுதான் அட்டையும் உண்ணியும் ஏறாது.

பால்மரம் வெட்டுகிறவர்கள் விரும்புவது, 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. அந்தப் பெயருள்ள பெரிய கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விலை மலிவு, எடை குறைவு, அடியில் குமிழ்கள் இருப்பதால் வழுக்காது, கழுவினால் சீக்கிரம் காய்ந்துவிடும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் சுமை தூக்குவோரும் இதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். மரத்துக்கு மரம் விரைந்து நடக்க நல்லதுதான். ஆனால் கணுக்காலை மூடாது என்பதை மறக்கக் கூடாது. புதர் மண்டிய நிரைக்கும் வெள்ளம் நிற்கும் பள்ளத்துக்கும் உயரமான பூட்ஸே வேண்டும்.

மூன்றாவது, யார் வாங்கித் தருவது? 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் தோட்டத் தொழிலும் அடங்கும். அச்சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கொடுத்ததைப் போட்டுக்கொள்ளும் கடமை தொழிலாளிக்கும் உண்டு. ஸ்டோரில் கொடுக்கும்போது எண் பொருந்தாவிட்டால், "கிடைத்ததே போதும்" என்று வாங்கி வந்து வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள். "ஐயா, இது என் காலுக்குப் பெரிது, மாற்றித் தாருங்கள்" என்று அங்கேயே கேளுங்கள். அது அடம்பிடிப்பது அல்ல. குத்தகைக்காரரிடம் வேலை செய்வோரும் கேட்கலாம். கேட்டும் பயனில்லையென்றால் தொழிற்சங்கத்தாரிடம் சொல்லலாம்.

கடைசியாகப் பராமரிப்பு. வேலை முடிந்ததும் பூட்ஸின் வெளிப்புறத்தைச் சேறு போகக் கழுவி, உட்புறத்தில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணியுங்கள். தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு தாளை எடுத்துவிட்டு நிழலில் கவிழ்த்து வையுங்கள். அடுப்பருகிலும் வெயிலிலும் வைத்தால் ரப்பர் வெடித்துப் போகும். காலுறை மூன்று ஜோடியாவது வேண்டும்: ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று கொடியில். மதியம் சாப்பிடும்போது நனைந்ததை மாற்றிக்கொண்டால், 'உள்ளே வேகுது' என்ற குறை பாதி தீர்ந்துவிடும், சேற்றுப்புண்ணும் வராது. காலையில் போடுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். பூரானும் தேளும் இருட்டையே தேடும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் இன்னும் ஒன்று செய்ய வேண்டும். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவி, கல்லோ முள்முனையோ இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி இல்லை என்பதால் புண் இல்லை என்று ஆகாது.

நம் முன்னோர்கள் வடித்த பால், கடல் கடந்து போய் உலகத்தாரின் கால்களுக்குப் பூட்ஸாயிற்று. அதை வடித்தவர்களில் எத்தனையோ பேர் வெறுங்காலோடே காட்டில் நடந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்று நம் வீட்டு வாசலில் பூட்ஸ் இருக்கிறது. அது வாசலிலேயே நிற்கலாமா?

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று மாலை அப்பா அம்மாவின் பாதங்களை அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டையை அவர்களுடைய பூட்ஸுக்குள் வைத்துப் பாருங்கள். மடங்குகிறதா, ஆடுகிறதா, சரியாகப் படுகிறதா என்று அவர்களிடமே சொல்லுங்கள். அவர்கள் பூட்ஸைக் கழற்றி வைப்பது ஏன் என்பதற்கு விடை அதிலேயே கிடைக்கக்கூடும்.