“நாளையிலிருந்து வராதே!”
முதலாளி வாய் திறக்குமுன் வக்கீல் கேட்கும் 4 கேள்விகள்

கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். லாரியில் சரக்கு வந்து நிற்கிறது. இறக்க வேண்டிய ஆளைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விடுகிறார்! ஆறு வருஷமாக வேலை பார்க்கும் ஆள்.

கோபம் தலைக்கு ஏறுகிறது. “எழுந்திருய்யா! நாளையிலிருந்து வராதே!”

சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய முதலாளிகள் எத்தனையோ பேர்.

சென்னை ஐகோர்ட்டுக்கு எதிரே தம்புச்செட்டி தெரு, லிங்கிச்செட்டி தெரு பக்கம் போனால் மாடிக்கு மாடி வக்கீல் போர்டுதான். முதலாளிமார் பக்கம் மட்டுமே வாதாடுகிற வக்கீல்களும் உண்டு. “ஆளை அனுப்பிட்டேன் சார், இப்ப என்ன செய்யலாம்?” என்று வருகிறவரைக் கண்டால் அவர்களுக்குத் தலைவலி. “அனுப்பலாமா சார்?” என்று கேட்டு வருகிறவர்தான் நல்ல கட்சிக்காரர்.

அந்த 4 கேள்விகள்

குற்றம் என்னவென்று எழுதி மெமோ கொடுத்தீர்களா? அதற்குப் பதில் வாங்கினீர்களா? விசாரணை வைத்தீர்களா? இதற்கு முன்பு எச்சரித்தது ஏதாவது காகிதத்தில் இருக்கிறதா?

நாலுக்கும் “இல்லை” என்றால் வக்கீல் பெருமூச்சு விடுவார்.

விசாரணை என்றால் பெயருக்கு நடத்துவது அல்ல. புகார் கொடுத்தவரே விசாரிக்கக் கூடாது. சாட்சி சொன்னவரைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்ய இடம் கொடுக்க வேண்டும். அவர் பக்கத்துச் சாட்சியையும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்டனை.

தண்டனை கொடுத்தாலும் கதை முடியவில்லை. 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 1971-ல் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். குற்றம் உண்மைதான் என்றாலும், தண்டனை அதிகம் என்று கோர்ட்டு நினைத்தால் அதைக் குறைக்கலாம். 2025 நவம்பர் 21-ந் தேதி அந்தச் சட்டம் போய், தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அந்த அதிகாரம் மட்டும் போகவில்லை.

இரண்டு தூக்கம், இரண்டு தீர்ப்பு

மகாராஷ்டிரத்தில் நடந்த இரண்டு வழக்குகளைக் கேளுங்கள்.

கலர்-கெம் என்ற கம்பெனியில் இரவு ஷிப்டு. அதிகாலை 3.30 மணி. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் தூங்குகிறார்கள். வேலை போயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தூங்கியது தப்புதான், ஆனால் அதற்காக வேலையையே பறிப்பது மிக மிக அதிகம் என்று 1998-ல் தீர்ப்பு வந்தது. அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பழைய சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைத்தது.

அடுத்தது புனே பாரத் போர்ஜ். 1983-ம் ஆண்டு. பட்டப்பகலில் ஒரு தொழிலாளி இரும்புத் தகட்டின்மேல் படுத்துத் தூங்கினார். அவரையும் நீக்கினார்கள். 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு, “நீக்கியது செல்லும்” என்று சொல்லிவிட்டது.

இங்கும் தூக்கம், அங்கும் தூக்கம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இரண்டாவது ஆள் அதற்கு முன்பே மூன்று தடவை தப்பு செய்து, சின்னத் தண்டனையோடு தப்பியவர். அதெல்லாம் கம்பெனி பைலில் பதிவாகி இருந்தது. முறையான விசாரணையும் நடந்திருந்தது.

அப்படியும் வழக்கு முடிய 20 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஜெயித்த கம்பெனிக்கும் அலைச்சல்தான்!

“அவரே வரலை சார்!”

“நான் நீக்கலை சார், அவராகவே நின்னுட்டார்” என்பது இன்னொரு ரகம். ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி அப்படித்தான் சொன்னது. 8 நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்பது கம்பெனி விதி. தொழிலாளியோ, “கேட்டிலேயே என்னைத் தடுத்துட்டாங்க” என்றார்.

1993-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? விதி இருந்தாலும், விசாரிக்காமல் வேலையைப் பறிக்கக் கூடாது! வேலையும், பாதிச் சம்பளப் பாக்கியும் கொடுக்கச் சொன்னது.

கடைக்காரர்களே, கவனியுங்கள்!

“இதெல்லாம் பெரிய மில்லுக்குத்தானே?” என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீசு, அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். விசாரணை வைத்து, ஆதாரத்தோடு குற்றம் நிரூபணமானால் மட்டும் நோட்டீசு வேண்டாம். நிறுத்தப்பட்டவர் அப்பீலும் செய்யலாம்.

இதைப் பாதிப்பேர் வக்கீல் ஆபீசில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்!

முதலாளி வக்கீலுக்குப் பீஸ் கொடுப்பவர் முதலாளி. ஆனால் அவர் கொடுக்கும் நல்ல யோசனையால் தொழிலாளிக்கும் லாபம் உண்டு. மெமோவுக்குப் பதில் எழுதும்போதுதான் அந்த ஆள் தன் கஷ்டத்தைச் சொல்ல முடியும். வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தானே!

ஆகவே மூட்டைமேல் தூங்குகிறவரை எழுப்புங்கள். கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு முதலில் ஒன்று கேளுங்கள்:

“ராத்திரி ஏன்யா தூங்கலை?”