நிலவைச் சுற்றும் சிறு செயற்கைக்கோள் நம்மோடு எப்படிப் பேசுகிறது?

மேலநீலிதநல்லூரில் நாம் செல்போனில் பேசினால், அந்த அலை சில கிலோமீட்டருக்குள் இருக்கும் டவரை எட்டினால் போதும். அதற்கே சில நாள் 'ஹலோ, ஹலோ' என்று மொட்டை மாடிக்கு ஓடுகிறோம். அப்படியானால், சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில் நிலவைச் சுற்றும் ஒரு சிறு பெட்டியின் குரல் பூமிக்கு எப்படி வந்து சேர்கிறது?

தூரம் இரண்டு மடங்கானால் ரேடியோ அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். 500 கி.மீ. உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளை விட நிலவு ஏறத்தாழ 770 மடங்கு தூரம். அதே கருவியை அங்கே கொண்டுபோய் வைத்தால், நமக்குக் கிடைப்பது சுமார் 6 லட்சத்தில் ஒரு பங்குதான். சிறிய செயற்கைக்கோளில் பெரிய ஆன்டெனா வைக்க இடமில்லை. சோலார் தகடு தரும் மின்சாரமும் அளவானது. ஆகவே அது மெல்லத்தான் பேசும். காதைப் பெரிதாக்க வேண்டியது நாம்தான். பெங்களூரு அருகே பையலாலுவில் இஸ்ரோ 18 மீட்டர், 32 மீட்டர் குறுக்களவுள்ள ஆன்டெனாக்களை அமைத்தது இதற்காகத்தான்.

தகவலை மெதுவாக அனுப்புவது இன்னொரு வழி. இரைச்சலுக்கு நடுவே நிறுத்தி நிதானமாகப் பேசினால் புரிவதைப் போல. 2018-இல் சீனா அனுப்பிய லாங்ஜியாங்-2, எடை 50 கிலோகூட இல்லை. ஹார்பின் பல்கலைக்கழக மாணவர்களின் பங்களிப்போடு உருவானது. அது அனுப்பிய படங்களை நெதர்லாந்தின் ட்விங்கலோவில் உள்ள 25 மீட்டர் பழைய தொலைநோக்கியால் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் பிடித்தார்கள். ஒரு சின்னப் படம் வந்து சேர ஏறத்தாழ 20 நிமிடம்! நம் பிள்ளைகளின் பொறுமைக்கு இது சரிவராது.

நிலவுக்குப் பின்னால் போய்விட்டால் பேச்சே கிடையாது. 100 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் வரை மறைந்திருக்கலாம். வெளிவந்ததும் அலைவரிசையும் சற்று மாறியிருக்கும். சங்கரன்கோவில் ஸ்டேஷனைத் தாண்டும் ரயிலின் ஹாரன், நெருங்கும்போது ஒரு விதமாகவும் விலகும்போது வேறு விதமாகவும் கேட்கிறதே, அதே கதைதான். இந்த மாற்றத்தை அளந்துதான் செயற்கைக்கோளின் வேகத்தையும் பாதையையும் கணக்கிடுகிறார்கள்.

குரல் நின்றுவிட்டால்? 2008 அக்டோபர் 22-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1, இரண்டாண்டு உழைக்க வேண்டியது. 2009 ஆகஸ்ட் 29-இல் தொடர்பு அறுந்தது. ஒன்றரை மீட்டர் அளவுள்ள அந்தப் பெட்டி அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு தகவலும் பெற முடியாததால் திட்டம் முடிந்துபோனது. 2016-இல் நாசா, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து நிலவின் வடதுருவத்துக்கு மேலே ரேடார் அலைகளைச் செலுத்தியது. எதிரொலியை கிரீன் பேங்க் தொலைநோக்கி பிடித்தது. ஏழாண்டு பேசாதிருந்த சந்திரயான் அங்கே இருந்தது!

விண்வெளி என்றாலே ராக்கெட் மட்டும்தான் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். இந்தத் தகவல் தொடர்பு வேலைக்கான அடிப்படைப் படிப்பு எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். நம் மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தது அதைத்தான். அவர் திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா-எல்1, நிலவை விட நான்கு மடங்கு தூரத்தில், 15 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து பேசுகிறது.