ஒரு விரலுக்கும் ஒரு மூச்சுக்கும் இசையும் கணிப்பொறி

விஞ்ஞானம் நமக்களித்த விந்தைகளில் கணிப்பொறியே தலையாயது என்று பேச்சுப் போட்டி மேடைகளில் நாம் முழங்குகிறோம். அந்த விந்தைப் பொறி, தன்னை இயக்க வருபவரிடம் சொன்னபடி கேட்கும் பத்து விரல்களை எதிர்பார்க்கிறது என்பதை மட்டும் ஏனோ சொல்ல மறந்துவிடுகிறோம். மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தைக்கும், மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவருக்கும், மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன பாட்டிக்கும் அதன் விசைப்பலகை எட்டாக்கனியாக இருக்கிறது.

இது சிறிய குறை அன்று. கையால் எழுத இயலாத மாணவிக்குப் பொதுத்தேர்வில், அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை அமர்த்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவளுக்கு நாவும் தெளிவாகப் புரளாவிட்டால் என்ன செய்வது? விடை நெஞ்சுக்குள் இருக்கும். வெளியே வர வழி இருக்காது. பக்கத்திலிருப்பவர் ஊகித்து எழுதுவது அவளுடைய விடை ஆகுமா?

முதலில் விசைப்பலகையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஒரு பெரிய எழுத்தைப் பெற, ஷிப்ட் விசையை ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்க, மற்றொரு விரல் எழுத்தைத் தட்ட வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய வேளைகளும் உண்டு. பள்ளிக் கணிப்பொறி அறையில் நாங்கள் சிலர் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையின் ஒரே விரலால் எங்கள் பெயர்களைத் தட்டச்சு செய்ய முயன்றோம். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டோம். ஒருத்தி முழங்கையைத் துணைக்கு அழைத்தாள். திரை முழுவதும் புள்ளிகளாக நிரம்பியதுதான் மிச்சம்!

இதற்குத் தீர்வு கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கணிப்பொறியில் ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால், ‘ஸ்டிக்கி கீஸ்’ என்னும் வசதியை இயக்கலாமா என்று அது கேட்கும். சம்மதித்துவிட்டால், ஷிப்ட்டைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம். அடுத்த விசை வரும்வரை கணிப்பொறி அதை நினைவில் வைத்துக் காத்திருக்கும். கை நடுங்குபவருக்காக இன்னொரு வசதி உண்டு. தவறிப்போய் நொடிப்பொழுது பட்ட விசையையும், ஒரே விசை பலமுறை தட்டப்படுவதையும் அது பொருட்படுத்தாது. ‘மவுஸ்’ என்னும் சுட்டியைப் பிடிக்க முடியாதவர் எண் விசைகளாலேயே அம்புக்குறியை நகர்த்தலாம்: 8 மேலே, 2 கீழே, 4 இடப்பக்கம், 6 வலப்பக்கம்.

இவ்வசதிகளுக்குப் பெரிதும் காரணமானது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரேஸ் மையம். பேசவும் எழுதவும் இயலாத ஒரு சிறுவனுக்கு உதவப்போய், கிரெக் வாண்டர்ஹைடன் என்பவர் 1971இல் தொடங்கிய பணி அது. விண்டோஸ் 95 வெளிவந்தபோது இவை அதனுள்ளேயே சேர்க்கப்பட்டன. தனியாக வாங்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், ஷிப்ட்டை ஐந்து முறை தட்டியதும் திரையில் எழும் அந்தக் கேள்வியை ஏதோ கோளாறு என்று எண்ணி மூடிவிடுபவர்களே நம்மில் மிகுதி.

கணிப்பொறிக்கு வெளியே செய்யக்கூடிய உதவியும் உண்டு. ஒவ்வொரு விசைக்கும் நேராகத் துளையிட்ட தகடு ஒன்றை விசைப்பலகையின் மேல் பொருத்துகிறார்கள். பார்ப்பதற்குச் சிறிய பல்லாங்குழி போலிருக்கும். கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டு, வேண்டிய குழியில் மட்டும் விரலை இறக்கலாம்.

சரி, ஒரு விரல்கூட அசையாதவருக்கு? இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்தவர்களைக் காண 1960ஆம் ஆண்டில் ரெக் மாலிங் என்பவர் சென்று வந்தார். பிறரை அழைக்க அவர்களுக்கு ஒரு மணியைத் தவிர வேறு வழியில்லை என்பதைக் கண்டு அவர் மனம் வருந்தியது. உடல் முழுவதும் செயலிழந்தாலும் மூச்சு இருக்கிறதே! நாம் இளநீரைக் குழலால் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சியும், மெல்ல ஊதியும் தட்டச்சுப்பொறியை இயக்கும் கருவியை அவர் அமைத்தார். அதன் பெயர்ச் சுருக்கம் ‘பாஸம்’ என்றானது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘என்னால் முடியும்’ என்று பொருள். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

ஊதுவது ஒரே செயல், எழுத்துகளோ பல. ஒன்றைக் கொண்டு பலவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? இன்று பெரிதும் கையாளப்படும் முறை இது. திரையில் எழுத்துகளை ஆறு வரிசைகளாக, வரிசைக்கு ஆறாக அமைக்கிறார்கள். ஒளி ஒவ்வொரு வரிசையாகத் தாவிச் செல்லும். வேண்டிய வரிசை வந்ததும் ஊத வேண்டும். பிறகு அவ்வரிசைக்குள் ஒளி எழுத்தெழுத்தாக நகரும். மீண்டும் ஊத வேண்டும். ஐந்தாம் வரிசையின் நான்காம் எழுத்துக்கு ஒன்பது தாவல்கள். தாவலுக்கு ஒரு நொடி என்றால், ஓர் எழுத்துக்கு ஒன்பது நொடிகள். ஊதுவதற்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தலாம், தலையை அசைக்கலாம், புருவத்தை உயர்த்தலாம்.

இம்முறையால் உலகம் அறிந்த குரலைப் பெற்றவர் ஸ்டீபன் ஹாக்கிங். 1963இல் நரம்பு நோய் கண்டறியப்பட்ட அவர், 1985இல் தொண்டையில் செய்த அறுவை சிகிச்சையால் பேச்சையும் இழந்தார். பிறர் எழுத்து அட்டையில் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்ட, சரியான எழுத்து வந்ததும் புருவத்தை உயர்த்துவார். பின்னர் அமெரிக்காவின் வால்ட் வோல்டோஸ் என்பவர், அதே நோயுற்ற தம் மாமியாருக்காக எழுதிய கணிப்பொறி நிரலை அவருக்கு அனுப்பினார். கையிலிருந்த ஒரே பொத்தானால் நிமிடத்துக்குப் பதினைந்து சொற்கள்வரை அவரால் அமைக்க முடிந்தது. கை ஓய்ந்தபோது கன்னத்தின் சிறு அசைவு அப்பணியை ஏற்றது. மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணர்கருவி அதைக் கண்டுகொண்டது. அதுவும் தளர்ந்து வேகம் மிகக் குறைந்தபோது, இன்டெல் நிறுவனத்தார் அடுத்த சொல்லை முன்கூட்டியே ஊகித்துக் காட்டும் புதிய நிரலை அமைத்தனர். 2015இல் அதை யாவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிட்டனர். 2018இல் மறையும்வரை அவர் தம் சொற்களைத் தாமே தேர்ந்தெடுத்தார்.

இன்று கைப்பேசிகளிலும் ஒற்றைப் பொத்தான் வசதி வந்துவிட்டது. ஐபோனில் 2013 முதல் அது இருக்கிறது.

தோழியரே, தமிழுக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு 247 எழுத்துகள் ஆயிற்றே! அத்தனையையும் திரையில் பரப்பினால், ஒளி கடைசி எழுத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் நாம் முதல் வகுப்பில் படித்த இலக்கணமே இங்கே கைகொடுக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 மட்டும் இருந்தால் போதும். உயிர்மெய் 216ஐயும் மெய்யோடு உயிரைச் சேர்த்துக் கணிப்பொறியே உண்டாக்கிக்கொள்ளும். ஆறுக்கு ஆறு கட்டத்தில் இந்த 31ஐயும் அடக்கிய பிறகும் ஐந்து இடங்கள் மிஞ்சுகின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். கிரந்த எழுத்துகள் போன்ற சிலவற்றைத் தவிர, ஷிப்ட் விசையின் தேவையே அதில் இல்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளியை அதுவே இட்டுவிடும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். நான்கையும் ஒரே விரலால் தட்டிவிடலாம்.