காணி நிலம் வாங்கும் முன்

என் அப்பா கடைசிவரை நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகவில்லை. ஆனால் நிலத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார். திண்டிவனம் பக்கத்தில் ஒரு காணி புன்செய். செங்கல் சூளையில் மூன்று பருவம் உழைத்துச் சேர்த்த பணமும், அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணமும் அதற்குப் போனது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதினார்கள். தரகர் வேற்று ஆள் இல்லை, எங்கள் தெருவுக்கு வந்துபோகிறவர்தான். "மாமா, என்னையே நம்ப மாட்டியா?" என்று அவர் கேட்டதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். ஆறு மாதத்தில் நிலக்காரரின் இரண்டு தங்கைகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டார்கள். நிலமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அந்தப் பத்திரம் மட்டும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

இப்போது சென்னையிலும் பெங்களூருவிலும் கட்டட வேலை செய்து திரும்பும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள்: "அண்ணே, நல்ல நிலமா ஒண்ணு வாங்கணும். நம்பிக்கையான தரகர் யாரு?" தரகர் பெயரைச் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் அப்பாவின் கதையைச் சொல்கிறேன்.

நம் மக்களுக்குத் தரகர் ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நிலம் விலைக்கு வரும் சேதி ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் காலனிக்கு வரும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதுதான் நிலை. தரிசு நிலத்துக்கு ஒடுக்கப்பட்ட ஒருவர் தர்க்காஸ்து மனு போட்டால், கிராமத்து மிராசுதாருக்கே முன்னுரிமை என்று அந்த மனு அடிபட்டுப் போகும். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் இந்த நிலையை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம்.

வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். பஞ்சமி நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடனுக்கும் மிரட்டலுக்கும் ஏராளமான நிலம் கைமாறியது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவில் பலவற்றுக்கு மற்றவர் பெயரில் பட்டாவும் ஏறிவிட்டது. இன்றைய பட்டாவை மட்டும் பார்த்தால் இது தெரியாது. யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். அதில் 'டி.சி.' என்றோ 'கண்டிஷன்' என்றோ இருந்தால், விற்பவர் யார் என்று பாருங்கள். ஆதிதிராவிடர் அல்லாதவர் விற்றால் அவருக்கு விற்கும் உரிமையே இல்லை. இந்த நிலங்களை மீட்கக் கேட்டுத்தான் 1994-ல் காரணையில் நம் மக்கள் போராடினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். நமக்கென்று ஒதுக்கிய நிலத்தை நாமே காசு கொடுத்து வாங்கி ஏமாறலாமா?

அடுத்தது உரிமை. வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குக் குறையாமல் எடுங்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால், அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம். பூர்விகச் சொத்து என்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும், குறிப்பாக வீட்டுப் பெண்பிள்ளைகளும், கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பா தோற்றது இந்த இடத்தில்தான். பவர் பத்திரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதனால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கிரய ஒப்பந்தத்தையும் 2012 முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

அளவிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் வாய்ப்பேச்சு காணியில் நடக்கும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு காணி என்பது 132 சென்ட். பட்டாவில் அது ஏறக்குறைய 0.53.50 ஹெக்டேர் என்று இருக்க வேண்டும். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகே மீதிப் பணம்.

நம் மக்கள் அதிகம் தவறவிடுவது வழியும் தண்ணீரும். மல்லாட்டைக்கு ஏற்ற செம்மண், சாலையிலிருந்து கூப்பிடு தூரம் என்று தரகர் காட்டுவார். நடுவில் இருப்பதோ அடுத்தவர் வயல். பழைய நிலக்காரர் வரப்பில் வண்டி ஓட்டியபோது யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். காலனிக்காரர் வாங்கிய மறுநாள் அங்கே முள் விழும். புலப்படத்தில் வண்டிப்பாதை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழி உள்ள நிலத்துக்காரரிடமிருந்து நடைவழி, வண்டிவழிப் பாத்தியத்தைப் பதிவுப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். கூட்டுக் கிணறு என்றால் எத்தனையில் எத்தனை பாகம், மோட்டார் சர்வீஸில் பங்கு எவ்வளவு, எந்த நாள் முறை என்பதெல்லாம் கிரயப் பத்திரத்தில் வரியாக இருக்க வேண்டும். "பேசி முடிச்சிக்கலாம்" என்பது தண்ணீர் பாய்ச்சாது.

நல்ல தரகர்கள் இல்லாமல் இல்லை. காலனிக்கு விற்கத் தயங்கும் நிலக்காரரிடம் பேசி நிலம் வாங்கித் தந்தவர்களை நானே அறிவேன். ஆனால் விவசாய நிலத் தரகருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கிடையாது. ஏமாந்தால் அங்கே போய் முறையிடவும் முடியாது. ஆகவே ஒரு சோதனை சொல்கிறேன். "பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சரி என்பவரோடு நடக்கலாம். "நாளைக்கே வேறு பார்ட்டி வருது" என்று அவசரப்படுத்துகிறவரை அனுப்பிவிடுங்கள். கமிஷனைப் பதிவு முடிந்த அன்று கொடுங்கள்.

பணத்துக்கு வழியும் இருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயத் தொழிலாளப் பெண்களுக்காகத் தாட்கோ மூலம் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' 2023-ல் வந்தது. நில மதிப்பில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். நன்செய் என்றால் 2.5 ஏக்கர், புன்செய் என்றால் 5 ஏக்கர் வரை வாங்கலாம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் விலக்கு உண்டு. விற்பவர் ஆதிதிராவிடர், பழங்குடி அல்லாதவராக இருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விழுப்புரத்தில் உள்ள தாட்கோ அலுவலகத்தை விசாரியுங்கள்.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ அம்மாவோ நிலம் பேசப் போனால் நீங்களும் கூடப் போங்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வரிவரியாகச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அன்று படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பத்திரத்தை யாரும் என் கையில் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.