கத்திக்குப் பிடி போடும் முறை

கத்தியோ அரிவாளோ இல்லாத வீடு நம் அங்கத்தினர்களிடையே கிடையாது. வாங்கும்போது இரும்பைத் தட்டிப் பார்க்கிறோம், பிடியைப் பார்ப்பதில்லை. இத்தவற்றை நானும் செய்ததுண்டு. ஒரு சங்கத்தில், அறுவடைக்கென வாங்கிய 12 அரிவாள்களை எண்ணி, இருப்புப் புத்தகத்துடன் ஒப்பிட்டுக் கையொப்பமிட்டேன். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் அறுவடை நடுவே ஓர் அரிவாளின் பிடி வெடித்து, அலகு கழன்று, ஓர் அம்மையாரின் இடக்கையைக் கிழித்துவிட்டது. பத்து நாள் கூலியும் போயிற்று. காரணம், பிடி பச்சை மரத்தால் ஆனது.

மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவிகிதத்திற்குக் கீழே இறங்கும்போது அது சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம், அகலவாக்கில் அதிகம். உள்ளே இருக்கும் இரும்போ சுருங்குவதில்லை. ஆகவே பிடி வெடிக்கிறது, பூண் தளர்கிறது.

கருவேலம், புளி முதலிய கெட்டி மரங்களின் வைரப் பகுதியே பிடிக்கு ஏற்றது. வெளுத்த மேற்பகுதியைப் பூச்சி எளிதில் துளைத்துவிடும். கணு இல்லாமலும், நார் பிடியின் நீளத்தோடு நேராக ஓடுமாறும் பார்த்து எடுக்க வேண்டும்.

வேண்டிய அளவிற்குச் சற்றுப் பெரிதாகத் துண்டுகளை அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசுக. ஈரம் முனைகளின் வழியே விரைந்து வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு காண்கிறது. பின்னர், காற்றோட்டமுள்ள நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்குக. ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. சங்கத்துத் தராசில் வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வந்தால், எடை குறைவது நின்றதும் மரம் காய்ந்ததென்று அறியலாம்.

காய்ந்த துண்டிற்குப் பூண் மாட்டி, அலகின் வாலைவிடச் சற்றுக் குறுகலாகத் துளையிட்டு, உருக்கிய அரக்கு வார்த்து வாலை இறுக்குக. அரத்தால் உருவம் கொடுத்து, உப்புத்தாளால் தேய்த்தபின், ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். எழும் நார்களை உலர்ந்தபின் மீண்டும் தேய்த்தால் கை உறுத்தாது. இறுதியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி, கால்மணி நேரம் சென்று மிகுதியைத் துடைத்துவிடுக. தேங்காயெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் உலர்ந்து இறுகுவதில்லை, கையில் வழுக்கும்.

நெசவாளர் அன்பர்கள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நூலும் பஞ்சுக் கழிவும் உள்ள வீட்டில் இது பேராபத்து. அத்துணியை உடனே நீரில் நனைத்து, வெளியிலே விரித்து உலர்த்துக.

நிர்வாகக் குழுவினர் அடுத்த ஆண்டுப் பிடிக்கான மரத்தை இவ்வாண்டே வாங்கி, அறுத்த தேதியை அதன்மேல் எழுதி அடுக்கி வைத்தல் நலம். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். நானும் இப்பொழுது எண்ணுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பிடியையும் திருகிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுகிறேன்.